நிறுவும்போதே இரண்டு வட்டுகளை இணைப்பது: ஒன்று போனாலும் கணினி எழுமா?

அகல்விளக்கு (பதிவு 1)

வணக்கம். ஒரு சிறிய வாசகசாலையின் நூற்பட்டியலும் உறுப்பினர் பதிவேடும் ஒரே கணினியில் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சென்ற மாதம் ஒரு காலையில் அதன் வட்டு டக் டக்கென்று தட்டும் ஓசையோடு நின்றுபோனது. கடைசிக் காப்புப் பிரதி 11 நாள் பழையது. அந்த 11 நாள்களில் வெளியே போன புத்தகங்களையும் திரும்பி வந்தவற்றையும் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினோம். இரண்டு புத்தகங்கள் யாரிடம் இருக்கின்றன என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது புதிய கணினி வந்திருக்கிறது. 2 டிபி வட்டுகள் இரண்டு. டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவப்போகிறேன். ஒரு வட்டு போனாலும் மற்றது சுமக்க வேண்டும் என்பதுதான் என் தேவை. நிறுவியில் வட்டைப் பிரிக்கும் கட்டத்தில் 'வழிகாட்டலுடன்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று மட்டும் கேட்கிறது, இரண்டையும் சேர்க்க வழி காட்டவில்லை. ஃபர்ம்வேர் அமைப்பில், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் துவக்க மென்பொருளில், 'ரெய்டு' (பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறை) என்று ஒரு விருப்பம் தெரிகிறது. அதை இயக்கினால் போதுமா? அல்லது இப்போது ஒரு வட்டில் நிறுவிவிட்டு மற்றதை நிதானமாகப் பிறகு சேர்க்கலாமா?

கருங்குயில் (பதிவு 2)

பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். பிறகு செய்ய முடியாது என்பதில்லை. இரண்டாவது வட்டில் துணை இல்லாத ஒற்றைக்கால் ரெய்டு ஒன்றை உருவாக்கி, இயங்குதளம் முழுவதையும் அதற்குள் நகலெடுத்து, அதிலிருந்து துவக்கிப் பார்த்து, அதன்பின் முதல் வட்டை அழித்துச் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு கட்டளை தவறினால் இருக்கும் ஒரே நகலும் போய்விடும். நிறுவும் நேரத்தில் வட்டுகள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன, இழப்பதற்கு எதுவும் இல்லை. அந்த நேரத்தை விடாதீர்கள்.

ஃபர்ம்வேர் ரெய்டு வேண்டாம். மதர்போர்டில் வரும் அந்த வசதி பெரும்பாலும் தனி வன்பொருள் அல்ல. வட்டுகளில் ஒரு குறிப்பை எழுதிவைத்துவிட்டு, இரண்டிலும் எழுதும் உண்மையான வேலையை இயங்குதளத்தின் டிரைவரிடமே விட்டுவிடுகிறது. மதர்போர்டு பழுதானால் உங்கள் வட்டுகளைப் படிக்க அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றைத் தேட நேரலாம். லினக்ஸ் கெர்னல் அமைக்கும் ரெய்டுக்கு அந்தக் கட்டு இல்லை. வட்டைக் கழற்றி எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் தன்னைத் தானே அடையாளம் காட்டும்.

வழிமுறை: 'கைமுறை' என்பதற்குள் போங்கள். இரண்டு வட்டிலும் புதிய ஜிபிடி அட்டவணை (வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் பட்டியல்) போடுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் 512 எம்பி அளவில் ஒரு இஎஃப்ஐ பார்டிஷன் (துவக்கக் கோப்புகளுக்கான பிரிவு), அதன் பின் பெரிய பார்டிஷன் ஒன்று. பெரியதை 'ரெய்டுக்கான பகுதி' என்று மட்டும் குறியுங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பழக்கத்தில் அதையே எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஆக்கி, ரூட் (இயங்குதளம் குடியிருக்கும் இடம்) என்றும் குறித்துவிடுவார்கள். அடுத்து ரெய்டு மெனுவுக்குள் போனால், ரெய்டுக்கான பார்டிஷன் எதுவும் இல்லை என்று நிறுவி கைவிரிக்கும். சரியாகக் குறித்திருந்தால் 'மென்பொருள் ரெய்டு அமைப்பு' மெனுவில் எம்டி சாதனம் (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு) ஒன்றை உருவாக்குங்கள். வகை ரெய்டு 1 (இரண்டு வட்டிலும் ஒரே தரவு), இயங்கும் வட்டுகள் 2, உதிரி 0. இரண்டு பெரிய பார்டிஷன்களையும் தேர்ந்தெடுத்து முடித்தால், பட்டியலின் உச்சியில் புதிதாக ஒரு வட்டு முளைத்திருக்கும். எக்ஸ்ட்4, ரூட் எல்லாம் அதன் மேல்தான்.

இன்னும் இரண்டு. பெரிய பார்டிஷனை வட்டின் கடைசி செக்டர் வரை இழுக்காதீர்கள், சில நூறு எம்பி காலியாக விடுங்கள். நாளை மாற்று வட்டு வாங்கும்போது அது ஒரு துளி சிறியதாக இருந்தாலும் ரெய்டு அதைச் சேர்த்துக்கொள்ள மறுக்கும். ஸ்வாப்பும் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) ரெய்டின் மேலேயே இருக்கட்டும். அதைத் தனி வட்டில் வைத்து அந்த வட்டு போனால், நினைவகத்திலிருந்து அங்கே இறக்கிவைக்கப்பட்ட நிரல்களும் அதோடு சாகும்.

தூண்டில் (பதிவு 3)

ஃபர்ம்வேர் ரெய்டை அப்படி ஒரே அடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஒரே இரட்டை வட்டில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றால் இருவரும் ஒப்புக்கொள்ளும் பொதுக் குறிப்பு ஒன்று வேண்டும். இன்டெல் ஃபர்ம்வேர் ரெய்டின் குறிப்பு வடிவத்தை லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஆட்மே படித்து இயக்குகிறது. நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

விண்டோஸ் மட்டும் நிறுவுபவர்களுக்கும் ஒரு சொல்: அதன் நிறுவியில் இதற்கு வழி இல்லை. ஒரு வட்டில் நிறுவிய பிறகுதான் வட்டு மேலாண்மைக்குள் போய் டைனமிக் வட்டாக மாற்றி இரட்டிக்க வேண்டும். டைனமிக் வட்டு முறையையே மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது. துவக்க வட்டை இரட்டிப்பதற்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது.

கருங்குயில் (பதிவு 4)

இரண்டு இயங்குதளங்கள் என்றால் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். அகல்விளக்கின் கணினியில் ஒன்றுதான்.

பழையகணினி (பதிவு 5)

வட்டுகள் இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தீர்களா? வரிசை எண்கள் அடுத்தடுத்து வருகின்றனவா? நிறுவத் தொடங்கும் முன் இதைப் பாருங்கள்.

ரெய்டு என்ற பெயர் 1988-ல் பெர்க்லியிலிருந்து வந்தது. பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அது. அதில் முதல் நிலை என்று எண் பெற்ற இரட்டை வட்டு முறை அவர்களுக்கு முன்பே புழக்கத்தில் இருந்ததுதான். அந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: ஒரு வட்டின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பு இல்லை. ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்து, ஒரே நிமிடத்தில் மின்சாரம் ஏற்றி, ஒரே எழுத்தை இரண்டிலும் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த அனுமானம் எவ்வளவு தாங்கும்?

2019-ல் ஒரு பெரிய நிறுவனம் தன்னுடைய சில எஸ்எஸ்டி வகைகளைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டது. ஃபர்ம்வேர் பிழையால் அவை சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. மணியை எண்ணும் கணக்கு அங்கே நிரம்பி வழிகிறது. அப்படிப்பட்ட இரண்டை ஒரே நாளில் மாட்டி ரெய்டு 1 அமைத்தவருக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரெய்டு அணியில் எத்தனை வட்டுகள் இருந்தாலும் எல்லாம் ஒரே மணியில் போகும்.

ஆகவே ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறு தயாரிப்பாளரின் வட்டை வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் வேறு தொகுதியிலிருந்தாவது ஒன்று.

அகல்விளக்கு (பதிவு 6)

பார்த்தேன் ஐயா. கடைசி இரண்டு எண்கள் 41, 42. ஒன்றை மாற்றிக் கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். வேறு தயாரிப்பாளருடையது நாளை வருகிறது. அதற்குள் ஒரு கேள்வி: கருங்குயில் இரண்டு வட்டிலும் இஎஃப்ஐ பார்டிஷன் போடச் சொல்கிறார், ஆனால் ரெய்டில் சேர்க்கச் சொல்வது பெரிய பார்டிஷனை மட்டும்தான். அப்படியானால் இஎஃப்ஐ பார்டிஷன் இரட்டிக்கப்படாதா?

நெடுவழி (பதிவு 7)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழையில் எழுத வந்தேன். இரட்டிக்கப்படாது. நிறுவி அதைச் சொல்லவும் சொல்லாது. எல்லாம் பச்சையாக முடிந்து, கணினி எழுந்து, ரெய்டும் நலம் என்று காட்டும். முதல் வட்டு போகும் நாளில்தான் இரண்டாவது வட்டில் தரவு முழுவதும் பத்திரமாக இருந்தும் அதைத் துவக்க ஓர் எழுத்துகூட இல்லை என்று தெரியும்.

காரணம் எளியது. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது ஃபர்ம்வேர். அதற்கு ரெய்டு தெரியாது, எக்ஸ்ட்4 தெரியாது. ஃபேட் வடிவில் இருக்கும் இஎஃப்ஐ பார்டிஷனைத் திறந்து அதிலுள்ள துவக்கியை எடுத்து ஓட்ட மட்டும் தெரியும். அந்தத் துவக்கி, அதாவது கிரப், எழுந்த பிறகுதான் ரெய்டைப் புரிந்துகொள்ள ஆள் வருகிறது. டெபியன் நிறுவி கிரப்பை ஓர் இஎஃப்ஐ பார்டிஷனில் மட்டுமே போடுகிறது. பழைய பயாஸ் கணினிகளிலும் இதே கதைதான். கிரப்பை இரண்டாவது வட்டின் தலையிலும் தனியாக எழுத வேண்டியிருந்தது. ஆனால் அங்கே ஒரே கட்டளையில் முடியும்.

எல்லா நிறுவிகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உபுண்டு சர்வர் நிறுவியில் இரண்டாவது வட்டை 'மற்றொரு துவக்க வட்டாக' சேர்க்கும் விருப்பம் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2014-ல் வந்த 10.0 பதிப்பிலிருந்து, நிறுவும்போதே இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் மிரரை (இரட்டை வட்டு முறையை) தேர்ந்தெடுக்க விடுகிறது, எல்லா வட்டுகளிலும் துவக்க நிரலையும் தானே எழுதுகிறது. ஆனால் பின்னாளில் வட்டை மாற்றும்போது அதை நீங்கள்தான் எழுத வேண்டும், பலர் அங்கே மறக்கிறார்கள். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் புராக்ஸ்மாக்ஸ் இதற்கென்றே தனிக் கருவி வைத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் எல்லா இஎஃப்ஐ பார்டிஷன்களையும் புதுப்பிக்கிறது.

டெபியனில் கையால் செய்யுங்கள். நிறுவி முடித்து முதல்முறை எழுந்ததும் இரண்டாவது இஎஃப்ஐ பார்டிஷனை ஃபேட் வடிவாக்கி, தனி இடத்தில் மவுண்ட் செய்து (அடைவு ஒன்றில் இணைத்து), முதலாவதில் உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் அதற்குள் நகலெடுங்கள். பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் ஃபர்ம்வேரின் துவக்கப் பட்டியலில் இரண்டாவது வட்டுக்கென ஒரு வரி சேருங்கள். பெயரிலேயே 'இரண்டாம் வட்டு' என்று தெரியட்டும். பதற்றமான நேரத்தில் ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருந்தால் கை தடுமாறும்.

கருங்குயில் (பதிவு 8)

நெடுவழி சொல்வது சரி, நான் என் பதிவில் இதை விட்டது பிழை. ஆனால் நகலெடுத்துக்கொண்டே இருப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இஎஃப்ஐ பார்டிஷன்களையும் ரெய்டு 1 ஆக்கலாம், மெட்டாடேட்டா (ரெய்டு தன்னைப் பற்றி எழுதும் குறிப்பு) 1.0 என்று கேட்டு. வழக்கமான 1.2 வடிவம் தன் குறிப்பைப் பார்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி எழுதும், 1.0 அதைக் கடைசியில் எழுதும். அதனால் ஃபர்ம்வேரின் கண்ணுக்கு அது சாதாரண ஃபேட் பார்டிஷனாகவே தெரியும். லினக்ஸ் எழுதும் ஒவ்வொரு மாற்றமும் இரண்டிலும் தானாகப் போய்ச் சேரும்.

நெடுவழி (பதிவு 9)

அந்த வழியைப் பயன்படுத்தும் பலரை அறிவேன். நான் பரிந்துரைப்பதில்லை. ஃபர்ம்வேரும் அந்தப் பார்டிஷனில் எழுதலாம். அது எழுதும்போது ரெய்டு என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது, ஒரு வட்டில் மட்டும் எழுதும். லினக்ஸ் எழுந்து இரண்டும் ஒன்றுதான் என்று நம்பும், உண்மையில் அவை வேறு. ரெய்டுக்குத் தெரியாமல் ஒரு பக்கத்தை மாற்றும் யாரையும் நான் உள்ளே விடமாட்டேன். ஆண்டுக்குச் சில முறை மாறும் கோப்புகளுக்காக இந்த இடரை ஏற்க வேண்டுமா? கிரப் புதுப்பிக்கப்பட்டதும் நகலெடுக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும்.

அகல்விளக்கு (பதிவு 10)

நிறுவி முடித்தேன். நெடுவழியின் வழியையே பின்பற்றினேன். இரண்டாவது இஎஃப்ஐ பார்டிஷனில் நகல் இருக்கிறது, துவக்கப் பட்டியலில் 'இரண்டாம் வட்டு' என்ற வரியும் இருக்கிறது.

ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பார்த்தால் ஒத்திசைவு நடப்பதாகக் காட்டுகிறது. இப்போது 3 சதவீதம், இன்னும் 220 நிமிடம் என்கிறது. வெற்று வட்டுகளில் எதை ஒத்திசைக்கிறது? இது முடியும்வரை கணினியைத் தொடக் கூடாதா?

கருங்குயில் (பதிவு 11)

தாராளமாகப் பயன்படுத்துங்கள், மறுதுவக்கமும் செய்யலாம், விட்ட இடத்திலிருந்து தொடரும். வட்டு வெறுமை என்பது கோப்பு முறைமைக்குத்தான் தெரியும், ரெய்டுக்குத் தெரியாது. அது முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை இரண்டும் ஒன்றாக இருக்கும்படி ஒருமுறை எழுதிவிடுகிறது. 2 டிபியை வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால் 3 மணி 40 நிமிடம் ஆகும், உங்கள் 220 நிமிடம் அதுதான்.

ஆனால் இந்த நேரத்தில் உங்களுக்கு முழுமையான வட்டு ஒன்றுதான். ஒத்திசைவு முடியும் முன் பழைய தரவை அழித்துவிடாதீர்கள்.

பழையகணினி (பதிவு 12)

காத்திருக்கும் நேரத்தில் அஞ்சல் எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் சர்வரை என்னிடம் ஒப்படைத்தார்கள். ரெய்டு இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்கள். உள்ளே போய் எம்டிஸ்டாட்டைத் திறந்தேன். நலமாக இருந்தால் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு யு எழுத்துகள் இருக்க வேண்டும். அங்கே ஓர் அடிக்கோடும் ஒரு யு எழுத்தும் இருந்தன. கணினி தானே எழுதும் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். வட்டு விழுந்து 8 மாதம் ஆகியிருந்தது. அந்த 8 மாதமும் எல்லாரும் இரண்டு வட்டு இருக்கும் துணிச்சலில் வேலை செய்திருக்கிறார்கள். ரெய்டு தன் கடமையைச் செய்தது, யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒற்றைக்காலில் நின்றது. எச்சரிக்கை அஞ்சல் அந்தக் கணினியின் ரூட் கணக்கின் (நிர்வாகியின்) அஞ்சல் பெட்டிக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது, அதை ஒருவரும் திறந்ததில்லை.

எம்டிஆட்ம் அமைப்புக் கோப்பில் அஞ்சல் முகவரிக்கான வரி இருக்கிறது. நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியை எழுதுங்கள். எழுதியதோடு விடாதீர்கள். கண்காணிப்பைச் சோதனை முறையில் ஒருமுறை ஓட்டினால் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சோதனை அஞ்சல் வரும். அது உங்கள் கைபேசியில் வந்து ஒலித்தால்தான் எச்சரிக்கை இருக்கிறது என்று பொருள்.

கூடவே இன்னொன்று. மேசைக் கணினிகளுக்கான சில வட்டுகள் படிக்க முடியாத செக்டரில் மாட்டிக்கொண்டால் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். கெர்னல் 30 வினாடிதான் பொறுக்கும், பிறகு வட்டையே மீட்டமைக்கப் பார்க்கும். ஒரு செக்டரோடு போக வேண்டியது வட்டையே அணியிலிருந்து தள்ளுவதில் முடியும். வட்டு ஏற்குமானால் ஸ்மார்ட் கருவியால் அதன் முயற்சிக்கு 7 வினாடி வரம்பு வையுங்கள். அப்போது அது சீக்கிரம் தோல்வியை ஒப்புக்கொள்ளும், ரெய்டு அந்தச் செக்டரை மற்ற வட்டிலிருந்து படித்து இங்கே திருத்தி எழுதிவிடும்.

வெண்கொற்றக்குடை (பதிவு 13)

இவ்வளவும் படித்த பிறகும் இசட்எஃப்எஸ்ஸையே சொல்வேன். எம்டி ரெய்டு 1-ல் இரண்டு வட்டிலும் ஒரே இடத்தில் வெவ்வேறு எழுத்து இருந்தால் எது சரி என்று அதற்குத் தெரியாது. மாதாந்தரச் சோதனை 'இத்தனை இடங்களில் பொருந்தாமை' என்று ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். திருத்தச் சொன்னால் ஒரு நகலை எடுத்து மற்றதன் மேல் எழுதும். எடுத்தது கெட்ட நகலாக இருந்தால் நல்லதும் கெட்டது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. எந்த நகல் உண்மை என்று அதற்குத் தெரியும்.

கருங்குயில் (பதிவு 14)

மறுக்கவில்லை. ஆனால் டெபியன் நிறுவியில் இசட்எஃப்எஸ் இல்லை. ரூட்டை அதில் வைக்க வேண்டுமானால் நிறுவியைத் தவிர்த்துக் கட்டளைகளால் நீண்ட வழி போக வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையிலும் சரிபார்ப்பு உண்டு, ஆனால் அதன் ரெய்டு 1-ல் ஒரு வட்டு இல்லாவிட்டால், குறையோடு மவுண்ட் செய் என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை ரூட் மவுண்ட் ஆகாது, கணினி பாதியில் நிற்கும். தனியாளாக ஒரு வாசகசாலையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தான் புரிந்துகொண்ட அமைப்பே நல்ல அமைப்பு. பொருந்தாமையைக் காப்புப் பிரதி பார்த்துக்கொள்ளட்டும்.

அகல்விளக்கு (பதிவு 15)

ஒத்திசைவு நேற்று இரவு முடிந்தது. இரண்டு யு எழுத்துகள். சோதனை அஞ்சலும் வந்தது. இன்று துணிந்து கணினியை அணைத்து, முதல் வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு மின்சாரம் போட்டேன்.

கிரப் வந்தது. மனம் நிறைந்தது. சிறிது நேரம் தயங்கிவிட்டு ரெய்டு ஒற்றைக்காலில் எழுந்தது, ரூட்டும் மவுண்ட் ஆனது. அதன்பின் திரையில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இடதும் வலதுமாக ஓடத் தொடங்கியது. ஒரு வட்டுக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்தில் வினாடிகள் ஏறிக்கொண்டே போயின. 1 நிமிடம் 30 வினாடி ஆனதும் 'அவசர நிலை' என்று நின்றுவிட்டது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி வேறு. உள்ளே நுழையவே முடியவில்லை.

கேபிளை மீண்டும் மாட்டியதும் கணினி எழுந்தது. ஆனால் உண்மையாகவே வட்டு போயிருந்தால் வாசகசாலை அன்று திறந்திருக்காது. எங்கே தவறினேன்?

நெடுவழி (பதிவு 16)

நீங்கள் தவறவில்லை, நிறுவி எழுதிய ஒரு வரி தவறியது. எவற்றை மவுண்ட் செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பாருங்கள். பூட் அடைவின் கீழ் இஎஃப்ஐ பார்டிஷனை மவுண்ட் செய்யச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அது பார்டிஷனை அடையாள எண்ணால் குறிக்கிறது, அந்த எண் முதல் வட்டுடையது. வட்டைக் கழற்றியதும் அந்த எண்ணுக்குரியவர் வீட்டில் இல்லை. துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி 90 வினாடி வாசலில் காத்திருந்துவிட்டு, கட்டாயமான மவுண்ட் ஒன்று நடக்கவில்லை என்று துவக்கத்தையே நிறுத்திவிடுகிறது. ஓடும் கணினிக்கு அந்தப் பார்டிஷன் தேவையே இல்லை. கிரப்பைப் புதுப்பிக்கும்போது மட்டுமே தேவை.

அந்த வரியின் விருப்பங்களில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேருங்கள். இரண்டாவது இஎஃப்ஐ பார்டிஷனுக்கான வரியிலும் அதே. 'இருந்தால் மவுண்ட் செய், இல்லாவிட்டால் மேலே போ' என்பது அதன் பொருள்.

ரூட் பூட்டு வேறு விஷயம். நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் உங்கள் பயனருக்கு சூடோ உரிமை (நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி) கிடைக்கும், ரூட் பூட்டப்படும். அன்றாட வேலைக்கு அது நல்ல ஏற்பாடு. அவசர நிலையில் மட்டும் கதவு திறக்காது. இந்தக் கணினிக்கு ரூட் கடவுச்சொல் ஒன்று வைத்து, உறையில் போட்டு வாசகசாலைப் பெட்டகத்தில் வையுங்கள்.

கருங்குயில் (பதிவு 17)

இடையில் ஓர் எண்ணம்: இரண்டாவது இஎஃப்ஐ பார்டிஷனை பைட்டுக்கு பைட் நகலெடுத்தால் அடையாள எண்ணும் ஒன்றாகிவிடும். எது இருந்தாலும் வரி பொருந்தும்.

நெடுவழி (பதிவு 18)

இரண்டும் மாட்டியிருக்கும் நாளில் எது மவுண்ட் ஆனது என்று தெரியாமல் போகும். ஒருநாள் ஒன்று புதுப்பிக்கப்படும், இன்னொரு நாள் மற்றது. வேண்டாம்.

கருங்குயில் (பதிவு 19)

சரி, விட்டுவிடுகிறேன். ஆனால் அகல்விளக்குக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். முதல் வட்டைக் கழற்றிச் சோதித்தீர்கள், ரூட் மவுண்ட் ஆனது என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது வட்டில் புதிதாக ஏதோ எழுதப்பட்டிருக்கும், கணினி தானே எழுதும் பதிவுக் கோப்புகளாவது. முதல் வட்டு இப்போது பழசு. கேபிளை மாட்டியதால் அது தானாக அணியில் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எம்டிஸ்டாட்டைப் பாருங்கள். ஒற்றைக்காலில்தான் நிற்கும் என்பது என் ஊகம்.

அப்படி நின்றால் முதல் வட்டின் ரெய்டு பார்டிஷனை எம்டிஆட்மின் 'ஆட்' விருப்பத்தால் சேருங்கள். 100 ஜிபிக்கு மேற்பட்ட அணிகளில் எங்கெங்கே எழுதப்பட்டது என்று குறிக்கும் வரைபடம் ஒன்றைத் தானே வைத்துக்கொள்வதால், மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுத்து நிமிடங்களில் முடித்துவிடும். சேர்க்கும் முன் எது எந்த வட்டு என்று வரிசை எண்ணால் உறுதி செய்யுங்கள். கணினி வட்டுகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை நம்பாதீர்கள், கேபிளைக் கழற்றி மாட்டினால் அவை இடம் மாறும்.

இதைச் செய்யாமல் அடுத்த சோதனைக்காக இரண்டாவது வட்டைக் கழற்றி, முதல் வட்டோடு துவக்கினால் என்ன ஆகும்? அதிலும் புதிய எழுத்து விழும். இரண்டு வட்டும் தனித்தனிப் பாதையில் போய்விடும். ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டது என்று தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கும். பிறகு இரண்டையும் சேர்த்து மாட்டினால் எதை நம்புவது என்று கருவிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒன்றை முழுதாகத் துறந்துதான் மீள வேண்டும். சோதனை செய்கிறோம் என்று நினைத்துத் தரவைப் பிளந்தவர்கள் உண்டு.

அகல்விளக்கு (பதிவு 20)

நீங்கள் சொன்னது போலவே இருந்தது. இரண்டு வட்டும் மாட்டியிருக்க, எம்டிஸ்டாட்டில் ஓர் அடிக்கோடு. நல்ல வேளை, அடுத்த கேபிளைத் தொட்டிருக்கவில்லை. ஆனால் பழையகணினி ஐயா, கைபேசியைப் பார்த்தால் குறைநிலை பற்றிய அஞ்சலும் வந்திருக்கிறது. திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

வரிசை எண்ணைப் பார்த்து முதல் வட்டின் பார்டிஷனைச் சேர்த்தேன். 4 நிமிடத்தில் ஒத்திசைந்தது. இரண்டு இஎஃப்ஐ வரிகளிலும் நோஃபெயில் சேர்த்தேன், ரூட் கடவுச்சொல் உறையில் இருக்கிறது. வட்டுகளின் வரிசை எண்களைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டிக்குள் அந்தந்த வட்டின் முகத்திலேயே ஒட்டிவிட்டேன்.

பிறகு முதல் வட்டின் கேபிளை மீண்டும் கழற்றினேன். கிரப், ஒரு தயக்கம், நேராக உள்நுழைவுத் திரை. நூற்பட்டியலைத் திறந்து ஒரு புத்தகத்தைத் தேடினேன், வந்தது. அணைத்தேன், கேபிளை மாட்டினேன், வட்டைச் சேர்த்தேன்.

இப்போது ஒத்திசைவு 71 சதவீதத்தில் இருக்கிறது. இரண்டு யு எழுத்துகளும் வந்த பிறகுதான் இரண்டாவது வட்டின் கேபிள்.

பழையகணினி (பதிவு 21)

காப்புப் பிரதியின் நாளையும் குறைத்துக்கொள்ளுங்கள். யாராவது பதிவேட்டைத் தவறுதலாக அழித்தால் இரண்டு வட்டும் அந்த நொடியே சேர்ந்து அழிக்கும்.

அகல்விளக்கு (பதிவு 22)

இரவுதோறும் வேறொரு கணினிக்குப் போகும்படி அமைத்துவிட்டேன் ஐயா. இரண்டாவது வட்டைக் கழற்றியும் பார்த்தாயிற்று, எழுந்தது. வட்டைச் சேர்த்து ஒத்திசைவும் முடிந்தது. நாளை வாசகசாலை புதிய கணினியில் திறக்கிறது.